மூச்சுக்குழலில் ஒரு காற்றுப்பை

நாகபுரியில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களிற் பல ரயிலோடு வந்தவை, ரயிலாலேயே வாழ்பவை. ஆதலின் அழுத்தமானி என்றால் என்னவென்று நம் சங்கத்து அன்பர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. வண்டியின் கடைசியில் கார்டு அமரும் பெட்டியில், வட்டக் கண்ணாடிக்குள் ஒரு முள் இருக்கும். பிரேக் குழாயில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் இருக்கிறது என்று அம்முள் காட்டினால் வண்டி புறப்படலாம். முள் சரசரவென்று இறங்கினால் எங்கோ காற்றுப் போகிறது என்று பொருள்; பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். "ஆயிரம் பேர் உறங்கிக்கொண்டு வருகிறார்கள், நாம் ஒருவர் அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டு வருகிறோம்" என்று எங்கள் பெரியப்பா சொல்லுவார். அவர் 32 ஆண்டுகள் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். 2022ஆம் ஆண்டில் அப்பதவிக்கு டிரெயின் மானேஜர் என்று புதுப்பெயர் சூட்டப்பட்டபோது, "பெயர் எதுவானாலும் முள் அதேதானே?" என்று கேட்டுச் சிரித்தவர்.

ஆயினும் இக்கட்டுரை ரயிலைப் பற்றியது அன்று. அதே பெரியப்பாவின் மூச்சுக்குழலுக்குள் ஒன்பது நாள் இருந்த ஒரு சிறு காற்றுப்பையையும், அதன் அழுத்தத்தைக் காட்டிய வேறொரு முள்ளையும் பற்றியது. நாம் வைத்தியம் கற்றவரல்லேம். பத்தாம் வகுப்புத் தேறிச் சம்பளப் பட்டியல் எழுதும் குமாஸ்தா வேலை பார்ப்பவரே. எனினும், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் காத்திருந்த நாட்களில் டாக்டர்களிடமும் சிஸ்டர்களிடமும் கேட்டும், பின்னர் தேடிப் படித்தும் அறிந்தவற்றைச் சொல்வதால், உறவினர் தொலைவிலிருக்க அயலூரில் நோயோடு போராடும் நம்மவர் சிலருக்கேனும் பயன் விளையும் என்று நம்புகிறோம்.

முதல் இரவு

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். மழை விடாது பெய்துகொண்டிருந்தது. 73 வயதான பெரியப்பாவுக்கு நான்கு நாட்களாகக் காய்ச்சலும் இருமலும் இருந்தன. ஐந்தாம் நாள் இரவு மூச்சுத் திணறல் மிகுந்து, உதடுகள் நீலம் பாரித்தன. அருகிலிருந்த சிறிய மருத்துவமனை ஒன்றுக்கு ஆட்டோவில் கொண்டு சென்றோம். நுரையீரல் சளிக்காய்ச்சல் முற்றிவிட்டது என்றும், உடனே வாய் வழியாகக் குழாய் செலுத்தி வென்டிலேட்டரில் வைக்காவிட்டால் உயிர் தங்காது என்றும் டாக்டர் கூறினார். மதுரையிலிருக்கும் அக்காளிடம் கேட்டு முடிவு செய்வோம் என்று பெரியம்மா கைகளைப் பிசைந்தார்கள். அக்காள் வந்து சேர ஒன்றரை நாளாகும். அயலூரில் வாழ்வோர்க்கு நேரும் இடுக்கண் இதுவே. முடிவு செய்ய வேண்டியவர்கள் தொலைவில் இருப்பார்கள், கையெழுத்து இடவேண்டிய தாள் கையில் இருக்கும். நாமே கையெழுத்திட்டோம்.

அந்த இரவில் அவ்விடத்தார் செய்தது உயிரைக் காத்த செயல். இதனை முதலிற் சொல்லிவிடுவது முறை. குழாயை விரைவாகவும் திறமையாகவும் செலுத்தினார்கள். குழாயோடு ஒட்டிய மெல்லிய இழைக்குழாயின் முனையில், நெல்லிக்காய் அளவில் ஒரு சிறு பலூன் வாய்க்கு வெளியே தொங்கியது. உதவியாளர் ஊசியில்லாச் சிரிஞ்சினால் அதில் காற்றை அடைத்து, விரல்களால் அழுத்திப் பார்த்து, "டைட்டாக இருக்கிறது" என்று இந்தியில் கூறினார். அச்சொல் அப்போது எங்களுக்கு ஆறுதலாகவே இருந்தது.

மறுநாள் நண்பகலில், பெரிய மருத்துவமனை ஒன்றில் இடம் கிடைத்து அங்கே மாற்றினோம். அங்கிருந்த தலைமைச் சிஸ்டர் நாகர்கோவில் பக்கத்தவர். மராத்தியும் இந்தியும் ஒலிக்கும் அவ்விடத்தில், "பெரியம்மா, பயப்படாதீர்கள்" என்ற ஒரு சொல்லே பெரியம்மாவுக்குப் பாதி உயிரைத் திருப்பிக் கொடுத்தது. அச்சிஸ்டர் கட்டிலருகே வந்ததும் செய்த முதற் காரியங்களுள் ஒன்று, கைக்கடக்கமான ஒரு வட்டக் கருவியை அச்சிறு பலூனோடு பொருத்தியது. முள் விர்ரென்று ஏறி 80இல் நின்றது. அவர் முகம் மாறிற்று. விசையை மெல்ல அழுத்திக் காற்றைச் சிறிது சிறிதாக வெளியேற்றினார். முள் இறங்கி, பச்சை வண்ணம் தீட்டிய பகுதிக்குள் வந்து, 26இல் நின்றது.

"என்ன அம்மா அது?" என்று கேட்டோம்.

"அண்ணா, உள்ளே தொண்டைக்குக் கீழே ஒரு பலூன் இருக்கிறது. இது அதன் அழுத்தம். 30க்கு மேல் போகக் கூடாது, 20க்குக் கீழே வரக் கூடாது" என்றார் அவர்.

டியூபும் காற்றுப்பையும்

நம் கழுத்தில் முன்பக்கம் இருப்பது மூச்சுக்குழல். அதன் பின்னே ஒட்டியிருப்பது உணவுக்குழல். பெரியவர்களின் மூச்சுக்குழல் ஏறத்தாழ 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமுடையது. முன்பக்கமும் இரு பக்கங்களும் லாட வடிவமான குருத்தெலும்பு வளையங்களால் தாங்கப்பட்டிருக்கும்; பின்பக்கம் மட்டும் மென்மையான தசையால் ஆனது. உள்ளே மெல்லிய சளிச்சவ்வு படர்ந்திருக்கிறது. அச்சவ்வுக்கு உணவூட்டுவன மயிரிழையினும் நுண்ணிய இரத்தத் தந்துகிகள்.

வென்டிலேட்டரில் வைக்கப்படும் நோயாளிக்கு வாய் வழியாகச் செலுத்தப்படும் டியூபின் உட்துளை, பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 7 முதல் 8 மில்லிமீட்டர். மூச்சுக்குழலோ அதனினும் அகன்றது. ஆதலின் டியூபைச் சுற்றிலும் இடைவெளி இருக்கும். அதை அப்படியே விட்டால் இரண்டு தீங்குகள் விளையும். இயந்திரம் தள்ளும் காற்று நுரையீரலுக்குப் போகாமல் பக்கவாட்டில் மேலேறி வாய் வழியே வெளியேறிவிடும்; இது முதல் தீங்கு. வாயிலும் தொண்டையிலும் ஊறும் எச்சிலும், வயிற்றிலிருந்து மேலெழும் நீரும், அவற்றில் வாழும் கிருமிகளோடு நுரையீரலுக்குள் இறங்கிவிடும். இது இரண்டாம் தீங்கு. இவ்விரண்டையும் தடுக்கவே டியூபின் கீழ்முனைக்குச் சற்று மேலே, அதனைச் சுற்றி ஒரு காற்றுப்பை அமைக்கப்பட்டிருக்கிறது. டாக்டர்கள் இதனைக் 'கஃப்' என்பர். வெளியே தொங்கும் சிறு பலூன் இதற்குத் தூதன். உள்ளே இருக்கும் அழுத்தமே வெளியேயும் இருக்கும்.

இக்காற்றுப்பை தளர்ந்தால் ஆபத்து, இறுகினாலும் ஆபத்து. இறுகினால், மூச்சுக்குழலின் சுவர் பையால் நசுக்கப்படுகிறது. தந்துகிகளில் ஓடும் இரத்தத்தின் அழுத்தத்தைவிடப் பையின் அழுத்தம் மிகும்போது, அவ்விடத்தில் இரத்த ஓட்டம் குன்றி, பின் நின்றேவிடுகிறது. இரத்தம் பெறாத சவ்வு வெளிறிப் புண்ணாகிறது. புண் ஆழ்ந்தால் குருத்தெலும்பு கெடுகிறது. பின்னர்ப் புண் ஆறும்போது தழும்பு சுருங்கி, மூச்சுக்குழலையே குறுக்கிவிடுகிறது. மிகக் கொடிய நிலையில், பின்சுவர் அரிக்கப்பட்டு மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழலுக்கும் இடையே துளை விழுவதும் உண்டு.

எவ்வளவு அழுத்தம் தகும்? 1984ஆம் ஆண்டில் பிரிட்டனின் புகழ்பெற்ற மருத்துவ இதழில், சீகோபின், வான் ஹாசல்ட் என்னும் இருவர் தம் ஆய்வை வெளியிட்டனர். அறுவைச் சிகிச்சைக்கு வந்த 40 நோயாளிகளின் மூச்சுக்குழலை உள்நோக்குக் கருவியால் பார்த்துப் படமெடுத்து, பையின் அழுத்தம் 30 சென்டிமீட்டர் நீரழுத்தத்தைக் கடக்கும்போது சவ்வின் இரத்த ஓட்டம் குன்றுவதைக் கண்டனர். கீழெல்லைக்கும் சான்றுண்டு. 1996ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு ரெல்லோ முதலான மருத்துவர்கள், பையின் அழுத்தம் 20க்குக் கீழே தொடர்ந்து இருந்தால் நுரையீரல் சளிக்காய்ச்சல் தோன்றும் அபாயம் மிகுகிறது என்று எழுதினர். ஆகவேதான் 20 முதல் 30 வரை என்னும் வரம்பு உலகெங்கும் கையாளப்படுகிறது.

சென்டிமீட்டர் நீரழுத்தம் என்பது யாது? ஒரு கண்ணாடிக் குழாயில் 25 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நிரப்பினால், அடியில் அந்நீர் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவே. நம் வண்டியின் பிரேக் குழாயில் உள்ள 5 கிலோ அழுத்தத்தை நீரால் அளந்தால் 50 மீட்டர், அதாவது 5000 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். அதில் 200இல் ஒரு பங்கே நம் மூச்சுக்குழல் தாங்கும் அளவு. பள்ளிக்கூடத்து அடிக்கோல் ஒன்றை நிறுத்திவைத்து, அதன் உயரத்துக்கு நீர் நிற்பதாக எண்ணிக்கொண்டால் அதுவே மேலெல்லை. அத்துணை மென்மையானது நம் மூச்சு போகும் வழி.

நாயும் நகரமும்

இச்சிறு பைக்கும் ஒரு வரலாறு உண்டு. ஜெர்மானிய அறுவை மருத்துவர் டிரெண்டலன்பர்க் 1871இல், கழுத்தில் துளையிட்டுச் செலுத்தும் குழாயைச் சுற்றி ஊதக்கூடிய பை ஒன்றை அமைப்பது பற்றி எழுதினார். அறுவையின்போது இரத்தம் நுரையீரலுக்குள் இறங்காமல் தடுப்பதே அவர் நோக்கம். 1893இல் ஆஸ்திரிய மருத்துவர் ஐசன்மெங்கர், வாய் வழியே செலுத்தும் குழாய்க்குப் பை அமைத்து, உள்ளழுத்தத்தை வெளியிலிருந்தே அறிய ஒரு சிறு பலூனையும் சேர்த்தார். இன்று நோயாளியின் கன்னத்தருகே தொங்கும் பலூன் அவர் கண்டதன் வழித்தோன்றலே.

அமெரிக்கரான கூடெல், வாட்டர்ஸ் என்னும் மயக்க மருத்துவர் இருவர் 1928இல் இதனைச் செப்பனிட்டு வெளியிட்டனர். பை உண்மையிலேயே வழியை முற்றும் அடைக்கிறதா என்று ஐயுற்றவர்க்குக் கூடெல் காட்டிய சான்று சுவையானது. தம் வளர்ப்பு நாய்க்கு மயக்கமளித்து, பையுடன் கூடிய குழாயைச் செலுத்தி, அதனை நீர்த்தொட்டிக்குள் அமிழ்த்தி வைத்தார். ஒரு துளி நீரும் நுரையீரலுக்குள் புகவில்லை. வெளியே எடுத்து மயக்கம் தெளிந்தபின் நாய் உடலைச் சிலிர்த்து நீரை உதறியது. அந்நாய்க்கு அவர் இட்ட பெயரும் 'ஏர்வே', அதாவது 'காற்றுவழி' என்பதேயாம்.

1952ஆம் ஆண்டில் டென்மார்க்கின் தலைநகர் கோப்பன்ஹேகனை இளம்பிள்ளை வாதம் கொள்ளை நோயாகத் தாக்கியது. மூச்சுத் தசைகள் செயலிழந்து பிளெக்டம் மருத்துவமனையில் இரும்புப்பெட்டி முதலிய பழைய கருவிகளில் வைக்கப்பட்ட முதல் 31 பேரில் 27 பேர் மூன்று நாட்களுக்குள் மாண்டனர். அப்போது மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சன், ஆகஸ்டு 27ஆம் நாள் 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் துளையிடச் செய்து, பையுடன் கூடிய குழாயைச் செலுத்தி, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கி மூச்சளித்தார். சிறுமி பிழைத்தாள். பின்னர் ஏறத்தாழ 1500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் அமர்ந்து கையாலேயே மூச்சளித்து, எண்ணற்றோரைக் காத்தனர். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு அதுவே தொடக்கம் என்பர்.

ஆனால் பிழைத்தவர்களுக்குப் புதிய துன்பம் ஒன்று காத்திருந்தது. அக்காலத்துப் பைகள் தடித்த ரப்பரால் ஆனவை, சிறியவை, மிகுந்த அழுத்தத்தோடு ஊதினாலன்றி விரியாதவை. நாட்கணக்கில் இயந்திரத்தில் இருந்தோர் பலர் வீடு சென்ற சில வாரங்களில் மூச்சுக்குழல் குறுகி மீண்டும் வந்தனர். 1969இல் பாஸ்டன் நகர மருத்துவர்களான கூப்பரும் கிரில்லோவும், இப்புண்கள் பையின் அழுத்தத்தால் எவ்வாறு தோன்றி முதிர்கின்றன என்பதை ஆராய்ந்து விளக்கினர். அதன் பின்னரே மெல்லிய பிளாஸ்டிக்கால் ஆன, அகன்று விரிந்து குறைந்த அழுத்தத்தில் நிற்கும் பைகள் வழக்கத்துக்கு வந்தன. இன்று எங்கும் பயன்படுவன இவையே. ஆயினும் நல்ல பையையும் மிகுதியாக ஊதினால் அது பழைய ரப்பர்ப் பையாகவே மாறிவிடும். கருவி திருந்தியது, அளந்து பார்க்கும் கடமை நீங்கவில்லை.

விரலும் முள்ளும்

"அனுபவமுள்ளவர்கள் விரலால் தொட்டே அறிய மாட்டார்களா?" என்று சிஸ்டரிடம் கேட்டோம்.

"நானும் 14 வருஷம் பார்த்துவிட்டேன், அண்ணா. என் விரலை நானே நம்புவதில்லை" என்றார் அவர்.

அது அடக்கத்தால் சொன்ன சொல் அன்று. சிறு பலூனை விரலால் அழுத்தி மதிப்பிடுவோர் பெரும்பாலும் தவறுகின்றனர் என்பது பல ஆய்வுகளிலும் கண்ட உண்மை. பை மூச்சுக்குழலின் சுவரைத் தொட்டபின், ஓரிரண்டு மில்லி காற்றைக் கூடுதலாகச் செலுத்தினாலும் அழுத்தம் பன்மடங்கு ஏறிவிடும். விரலுக்கு 25க்கும் 60க்கும் வேற்றுமை எளிதில் தெரிவதில்லை.

ஒருமுறை அளந்துவிட்டால் போதுமா? போதாது. பையின் காற்று நேரம் செல்லச் செல்லச் சிறிது சிறிதாகக் கசிகிறது. நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கும்போதும், தலையைத் திருப்பும்போதும், அவர் இருமும்போதும் அழுத்தம் மாறுகிறது. அறுவையின்போது அளிக்கப்படும் நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வாயு பைக்குள் ஊடுருவி அழுத்தத்தை ஏற்றும். விமான ஆம்புலன்ஸில் உயரே செல்லும்போது, வெளிக்காற்று மெலிவதால் பை உப்பும். அளக்கும் கருவியைப் பொருத்தும்போதேகூடச் சிறிது காற்று கருவியின் குழாய்க்குள் சென்று அழுத்தம் குறைகிறது. ஆதலின் அளப்பவர் முள்ளைப் பார்த்துவிட்டுக் கழற்றாமல், உரிய அளவுக்கு ஊதிச் சரிசெய்தே கழற்ற வேண்டும். இவற்றையெல்லாம் கருதி, ஒவ்வொரு பணிமுறையிலும் ஒரு முறையேனும், அதாவது எட்டு மணிக்கு ஒருதரமாவது, அளந்து குறிப்பது பல மருத்துவமனைகளில் வழக்கம். நோயாளியை இடம் மாற்றியபின்னும், டியூபின் நிலையை மாற்றியபின்னும் மீண்டும் அளப்பர். அழுத்தத்தைத் தானே ஒரே நிலையில் காக்கும் இயந்திரங்களும் உள்ளன. எல்லா இடத்தும் இல்லை.

பை சரியாக இருந்தாலும் அது மட்டும் போதாது. விரிந்த பையில் நுண்ணிய மடிப்புகள் விழும். அவற்றின் வழியே எச்சில் கசியும். எனவே தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை உயர்த்தி வைப்பதும், வாயைத் தூய்மை செய்வதும், பைக்கு மேலே தேங்கும் நீரை உறிஞ்சி எடுப்பதும், நாள்தோறும் மயக்கத்தைத் தளர்த்தி, டியூப் இனியும் வேண்டுமா என்று பார்ப்பதும் ஒன்றுக்கொன்று துணையாகின்றன.

வெற்றுக் கட்டம்

பெரியப்பாவின் கட்டிலடியில் பெரிய தாள் ஒன்று இருந்தது. மணிவாரியாகக் கட்டங்கள், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், சிறுநீர் அளவு, அவற்றோடு 'கஃப்' என ஒரு வரி. பட்டியல் எழுதிப் பழகிய நமக்கு எழுத்துகளைவிட வெற்றுக் கட்டமே முதலில் கண்ணிற் படும். ஐந்தாம் நாள் காலை பார்க்கச் சென்றபோது, அவ்வரியில் முந்திய இரவுக்குரிய கட்டம் வெறுமையாக இருந்தது. பெரியப்பாவின் மூச்சோடு கொப்புளிப்பது போன்ற ஓர் ஓசையும் கேட்டது.

கேட்பதா, வேண்டாமா என்று தயங்கினோம். நாம் குமாஸ்தா, அவர்கள் உயிர் காப்பவர்கள். இரவெல்லாம் நான்கு கட்டில்களை ஒருவரே கவனித்த இளம் நர்ஸ் கண் சிவந்து நின்றாள். ஆயினும் பெரியப்பாவின் பழைய சொல் நினைவுக்கு வந்தது: "முள்ளைப் பார்க்காமல் கொடி காட்டக் கூடாது." மெல்ல, "சிஸ்டர், இந்தக் கட்டத்தை எழுத மறந்திருக்கிறது போலும்" என்று இந்தியில் கூறினோம். அவள் கோபிக்கவில்லை. உடனே கருவியைப் பொருத்தினாள். முள் 14இல் நின்றது. முதலில் பைக்கு மேலே தேங்கியிருந்த நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, பின் காற்றை 26க்கு ஏற்றினாள். கொப்புளிப்பு நின்றது. இரவு நோயாளியைப் புரட்டியபோது குறைந்திருக்கக்கூடும் என்றாள். கட்டத்தில் நேரத்தோடு எழுதிக் கையெழுத்திட்டாள். அன்று முதல் அக்கட்டம் வெறுமையாக இருந்ததில்லை.

ஏழாம் நாள் மயக்கம் தெளிந்து பெரியப்பா கண் விழித்தார். பேச இயலவில்லை. குரல்நாண்களின் வழியே காற்றுப் போனால்தானே பேச்சு? காற்று முழுதும் டியூபின் வழியே போய்விடுகிறது. இதனை அறியாத பெரியம்மா, "பேச்சே போய்விட்டதே" என்று கதறிவிட்டார்கள். சிஸ்டர் விளக்கியபின், பேரனின் சிலேட்டையும் பலப்பத்தையும் கொண்டுவந்து கொடுத்தோம். நடுங்கும் கையால் அவர் எழுதிய முதற் சொல் 'தண்ணீர்'. மறுநாள், சிஸ்டர் கருவியைப் பொருத்தும்போது அவர் கண்கள் அம்முள்ளின் மேலேயே நின்றன. சிலேட்டை வாங்கி, 'பிரஷர் எவ்வளவு?' என்று எழுதினார். சிஸ்டர் சிரித்து, "26, தாத்தா, வண்டி போகலாம்" என்றார். கண்களை மூடித் தலையை அசைத்தார் பெரியப்பா.

ஒன்பதாம் நாள் பையின் காற்றை முழுதும் எடுத்துவிட்டு டியூபை நீக்கினார்கள். குரல் கரகரத்தது. அது சில நாட்களில் தெளிந்தது.

நாங்கள் செய்த பிழை

கதை இங்கே முடிந்திருந்தால் இக்கட்டுரையை எழுதியிரோம். வீட்டுக்கு அனுப்பும்போது சிஸ்டர் ஒன்று சொன்னார். "இன்னும் இரண்டு மூன்று மாதத்துக்குள், மூச்சை உள்ளே இழுக்கும்போது சத்தம் வந்தாலும், மாடி ஏறினால் மூச்சு வாங்கினாலும், காத்திருக்காமல் கூட்டி வாருங்கள்." மருந்துச் சீட்டுகளும் பில்லும் நிறைந்த அந்த நாளில், அச்சொல்லை நாங்கள் காதில் வாங்கி மனத்தில் வாங்காமல் விட்டோம்.

ஐந்து வாரம் கழித்து, புரட்டாசி மாதத்தில், மாடி ஏறும்போது பெரியப்பாவின் மூச்சில் சீட்டியடிப்பது போன்ற ஓசை தோன்றியது. வயோதிகம் என்றோம், மழைக்கால ஆஸ்துமா என்றோம். உறிஞ்சு மருந்து வாங்கிக் கொடுத்தோம். குறையவில்லை. இரண்டு வாரம் வீணாகியபின், பெரியம்மாவின் வற்புறுத்தலால் சிஸ்டரைத் தொலைபேசியில் அழைத்தோம். பெரியப்பாவை வாயருகே பிடித்து மூச்சு விடச் சொன்னார். ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, "ஆஸ்துமாவில் பெரும்பாலும் மூச்சை விடும்போது சத்தம் வரும். இது இழுக்கும்போது வருகிறது, அண்ணா. இன்றைக்கே வாருங்கள்" என்றார்.

உள்நோக்குக் கருவியால் பார்த்ததில், பை இருந்த இடத்தில் தழும்பு சுருங்கி மூச்சுக்குழல் பாதிக்கு மேல் குறுகியிருந்தது. இன்னும் சில நாள் சென்றிருந்தால் சளி அடைத்துக்கொண்டு உயிருக்கே இடர் நேர்ந்திருக்கும். வேறொரு வகைப் பலூனை உள்ளே செலுத்தி விரித்து வழியை அகலப்படுத்தினார்கள். ஒரு பலூன் செய்ததை மற்றொரு பலூன் சீர்செய்தது. இரண்டு மாத இடைவெளியில் மீண்டும் ஒரு முறை செய்ய வேண்டியதாயிற்று. அதன் பின் இன்றுவரை குறையில்லை.

அந்த முதல் இரவின் 80தான் இதற்குக் காரணமா என்று டாக்டரிடம் கேட்டோம். அவர் நேர்மையாக விடையளித்தார். டியூப் இருந்த நாட்கள், நோயின் கடுமை, இரத்த அழுத்தம் தாழ்ந்திருந்தது, தழும்பு படரும் உடல் வாகு ஆகிய பலவும் சேர்ந்தே இவ்வாறு நேரும். ஒன்றை மட்டும் சுட்டிக் குற்றம் சாட்ட முடியாது என்றார். "ஆனால், மற்றவை நம் கையில் இல்லை, அது ஒன்று நம் கையில் இருக்கிறது" என்றும் கூறினார்.

நாம் செய்யத்தக்கவை

நம் வீட்டார் ஒருவர் வென்டிலேட்டரில் இருக்க நேர்ந்தால் நாம் செய்யத்தக்கவை சிலவே. அவை கடினமானவையும் அல்ல.

கன்னத்தருகே தொங்கும் சிறு பலூனையோ குழாய்களையோ நாம் ஒருபோதும் தொடலாகாது. அழுத்திப் பார்ப்பதும், காற்றடைக்க முயல்வதும் பெருந்தீங்கு. கற்றவர் கையே அங்கே செல்ல வேண்டும்.

"கஃப் அழுத்தம் அளக்கிறீர்களா? எவ்வளவு இருக்கிறது?" என்று பணிவோடு ஒருமுறை கேட்கலாம். கேள்வியை ஐயமாக அன்றி அக்கறையாகக் கேட்டால் நல்ல மருத்துவர் எவரும் சினப்பதில்லை. ஓர் இடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றும்போது சேர்ந்தவுடன் அளக்கும்படி கேட்பது மிகவும் நலம்.

நோயாளி விழித்தபின் பேசாததைக் கண்டு அஞ்ச வேண்டா. சிலேட்டு ஒன்று கொண்டு செல்க. நம் முதியோர்க்கு அவ்விடத்து மொழி தெரியாதாயின், தண்ணீர், வலி, குளிர், திரும்ப வேண்டும் போன்ற சொற்களைத் தமிழிலும் அவ்வூர் மொழியிலும் ஒரே தாளில் எழுதிக் கட்டிலருகே வைத்தால் நர்ஸுகளுக்கும் பேருதவியாகும்.

வீடு திரும்பியபின் சில மாதம் மூச்சின் ஓசையைக் கவனிக்க வேண்டும். உள்ளிழுக்கும்போது ஓசை, மிகுந்துவரும் மூச்சு வாங்குதல், நீங்காத குரல் கம்மல், நீர் பருகும்போதெல்லாம் புரையேறுதல் ஆகியன தோன்றினால், 'முன்னர் வென்டிலேட்டரில் இருந்தவர்' என்பதை முதற் சொல்லாகச் சொல்லி டாக்டரிடம் காட்டுக. அந்த ஒரு சொல்லைச் சொல்லாமையால்தான் நாங்கள் இரண்டு வாரத்தை இழந்தோம்.

சென்ற பொங்கலன்று, முதல் இரவில் பெரியப்பாவைக் காத்த அச்சிறு மருத்துவமனைக்கு அவரையே அழைத்துக்கொண்டு சென்றோம். வழக்காடச் செல்லவில்லை, நன்றி சொல்லவும், நடந்ததைச் சொல்லவும் சென்றோம். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். வென்டிலேட்டரின் விலையோடு ஒப்பிட்டால் அந்த அழுத்தமானியின் விலை மிகச் சிறிது என்று நாம் தயங்கித் தயங்கிக் கூறினோம். அவர் விடை ஏதும் சொல்லவில்லை. பெரியப்பா தம் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்து நீட்டினார். '20க்குக் குறையாமல், 30க்கு மிகாமல்' என்று இந்தியில் தம் கார்டு கையெழுத்தில் எழுதியிருந்தார். டாக்டர் அதனை வாங்கிப் படித்து, மேசைக் கண்ணாடியின் கீழே வைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் படிகளில் இறங்கிய பெரியப்பா நின்று, மூச்சை ஒருமுறை நன்றாக இழுத்துவிட்டு, "சத்தம் கேட்கிறதா?" என்று வினவினார். கேட்கவில்லை என்றோம். "சரி, புறப்படலாம்" என்றார்.